கணினிக் கேள்வி–பதில்: சர்வர் வாங்காமல் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஐந்து, சேலத்தையும் சேர்வராயன் மலையையும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து, ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றி வந்திருந்தன. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறு செயற்கூறு (ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு) எழுதி, அதைக் கிளவுடில் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் பிற நிறுவனக் கணினிகளில்) ஏற்றி, வேண்டும்போது மட்டும் ஓடச் செய்வது எப்படி என்பதே அப்பொருள். ஆகவே இம்மாதம் பிற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குடும்பம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறது. நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். வலைப்பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரியும். எந்த வீட்டுக்கு எவ்வளவு வெள்ளி போனது, எவ்வளவு திரும்பியது என்ற கணக்கைப் போனிலேயே பார்க்கும்படி செய்ய விரும்புகிறேன். சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டாம், சர்வர்லெஸ் போதும் என்கிறார்கள். சர்வரே இல்லாமல் நிரல் எங்கே ஓடும்? நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– பட்டறை உரிமையாளரின் மகன், சிவதாபுரம்

பதில்: சர்வர் (கேட்பவர்களுக்கு இணையம் வழியே விடை தரும் கணினி) இல்லாமல் எந்த இணைய நிரலும் ஓடாது. சர்வரை வாங்குவது, இயங்குதளம் நிறுவுவது, இரவு பகலாக அதைக் கண்காணிப்பது ஆகிய வேலைகள் நிரல் எழுதுபவரின் பொறுப்பில் இல்லை என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. இதை விளக்க உங்கள் தொழிலை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஜோடி கொலுசு, கம்பி இழுக்க ஒரு வீடு, பற்றவைக்க ஒரு வீடு, மெருகு போட ஒரு வீடு என்று போய்த் திரும்புகிறது. மெருகு போடுபவருக்கு நீங்கள் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. வேலை போனால் கூலி, போகாவிட்டால் இல்லை. அந்த வீட்டுக்கு வெள்ளியோடு எடை எழுதிய சீட்டும் போகிறது. அதற்கு முன் அந்தக் கொலுசு எத்தனை கைகளைக் கடந்தது என்பதை மெருகு போடுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை; சீட்டைப் பார்த்தால் போதும்.

கிளவுடில் ஓடும் செயற்கூறும் அப்படித்தான். ஒரு கோரிக்கை வந்தவுடன், நிறுவனம் தன் சர்வர் ஒன்றில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி, உங்கள் நிரலை அதில் ஏற்றி, வந்த விவரத்தை அதனிடம் கொடுக்கிறது. அந்த விவரத்துக்கு ஈவென்ட் என்று பெயர். அதுதான் உங்கள் எடைச் சீட்டு. செயற்கூறு வேலையை முடித்து விடையைத் திருப்பித் தருகிறது. அது அழைக்கப்பட்டதற்கும் ஓடிய நேரத்துக்கும் மட்டும் கூலி கணக்கிடப்படுகிறது. பிறகு அந்த இடம் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு அகற்றப்படுகிறது. அகற்றப்படும்போது, அதன் நினைவகத்தில் நீங்கள் எதை வைத்திருந்தாலும் அதுவும் போய்விடும். இந்த மறதியை மனத்தில் வாங்கிக்கொண்டு எழுதத் தெரிந்தவருக்கு மற்றவை எல்லாம் சில வாரப் பழக்கத்தில் வந்துவிடும். அதை வாங்கிக்கொள்ளாதவருக்கு என்ன நேரும் என்பதை அடுத்த கடிதம் காட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு இத்துறையில் வேறு மொழி கற்க வேண்டிய அவசியமே இல்லை. அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் லாம்ப்டா என்ற சேவையை அறிவித்தபோது, அது ஏற்றுக்கொண்ட முதல் மொழியே ஜாவாஸ்கிரிப்ட்தான். பிரவுசருக்கு வெளியே அம்மொழியை ஓடச் செய்யும் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருளை ரயன் டால் 2009இல் உருவாக்கியிருந்தார். லாம்ப்டா அதையே அடிப்படையாகக் கொண்டது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2016இலும், கிளவுட்ஃப்ளேர் 2017இலும் இதே வகைச் சேவைகளை அறிவித்தன. எந்த நிறுவனத்தை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவும். ஆகவே எது சிறந்தது என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பாடப்பொருள் மிகுதியாகக் கிடைக்கிறது என்பதால் லாம்ப்டாவை வைத்தே கீழே எழுதுகிறேன். அதை ஓடச் செய்யும் இடமாக, 2016 முதல் இருக்கும் மும்பையையோ 2022 முதல் இருக்கும் ஹைதராபாத்தையோ தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காமல் கணக்குத் தொடங்கிய பலருடைய செயற்கூறு அமெரிக்காவில் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கையும் கடல் கடந்து போய் வருவதால் காத்திருப்பு கூடுகிறது.

தொடங்க வேண்டிய இடம் கிளவுட் அன்று. உங்கள் சொந்தக் கணினி. நோட்.ஜேஎஸ்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை, 22 போன்றதை, நிறுவிக்கொள்ளுங்கள். கொடுத்த எடை, திரும்பிய எடை, ஒப்புக்கொண்ட சேதாரம் ஆகிய மூன்றை வாங்கி, குறைவு எவ்வளவு என்று சொல்லும் பத்து வரிச் செயற்கூறு ஒன்றை எழுதுங்கள். அதில் கிளவுட் பற்றிய ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. அடுத்து, ஈவென்ட்டை வாங்கி, அதிலிருந்து அந்த மூன்று எண்களை எடுத்து, முதல் செயற்கூற்றை அழைத்து, விடையைத் திருப்பித் தரும் மற்றொரு சிறு செயற்கூற்றை எழுதுங்கள். இதற்கு ஹேண்ட்லர் என்று பெயர். மாதிரி ஈவென்ட் ஒன்றைக் கையால் எழுதிக் கொடுத்து இரண்டையும் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். இப்படிக் கணக்கையும் கிளவுடையும் தனித்தனியே வைத்தால், நாளை நிறுவனத்தை மாற்றினாலும் உங்கள் பட்டறைக் கணக்கு மாறாது.

அதன் பிறகு லாம்ப்டாவின் இணையப் பக்கத்தில் புதிய செயற்கூறு ஒன்றைத் தொடங்கி, எழுதியதை ஒட்டி, அங்குள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விடை வந்ததும் ஃபங்ஷன் யூஆர்எல் என்ற வசதியை இயக்கினால், போனிலிருந்து அழைக்கத்தக்க இணைய முகவரி ஒன்று கிடைக்கும். பிரவுசரில் எழுதிப் பழகியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, டாக்குமென்ட், விண்டோ என்று பிரவுசரில் எப்போதும் கிடைக்கும் பொருள்கள் இங்கே இல்லை. இங்கே திரையே இல்லை. மற்றொன்று, இணைய முகவரி வழியாக வரும் ஈவென்ட்டில் பாடி என்ற பகுதி எப்போதும் வெறும் எழுத்துச் சரமாகவே வரும். அதை ஜேசான் பார்ஸ் என்ற கட்டளை கொண்டு பிரித்த பிறகே எண்களைத் தேட வேண்டும். சோதனைப் பொத்தானில் சரியாக ஓடியது போனிலிருந்து அழைத்தால் தவறுகிறது என்று எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

அந்த முகவரியைச் சோதித்து முடித்தவுடன், அழைப்பவர் உங்கள் ஆள்தானா என்று பார்க்கும் வரிகளையும் சேர்த்துவிடுங்கள். முகவரி தெரிந்த எவரும் அழைக்கலாம் என்ற நிலையில் வெள்ளிக் கணக்கை வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான் காப்பித் தோட்டத்தில் ரைட்டராக வேலை பார்க்கிறேன். பறிப்புக் காலத்தில் மேஸ்திரிகள் மாலையில் ஒவ்வொரு ஆளின் பழ எடையையும் போனிலிருந்து அனுப்பும்படி என் மகள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயற்கூறு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. தோட்டத்தில் மூன்று குறைகள் தெரிகின்றன. சில எடைகள் சேர்ந்துவிட்டதாகப் போனில் காட்டியும் கணக்கில் இல்லை. பெரும்பாலும் அன்றைக்குக் கடைசியாக அனுப்பியதுதான் காணாமல் போகிறது. சில எடைகள் இரண்டு முறை ஏறியிருக்கின்றன. ரசீது எண் சில சமயம் இரண்டு பேருக்கு ஒன்றாக வருகிறது. ஆட்களின் கூலி சம்பந்தப்பட்டது என்பதால் மன உளைச்சலாக இருக்கிறது.
– எஸ்டேட் ரைட்டர், நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் கடிதம் இத்துறையின் மூன்று முக்கியமான பாடங்களையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. குறைகளைப் பொதுவாக எழுதாமல், கடைசியாக அனுப்பியதுதான் காணாமல் போகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு குறிப்பு எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டது. காரணத்தை நேரே சொல்கிறேன். மகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதல் குறைக்குக் காரணம், அவேய்ட் என்ற ஒரு சொல் விடுபட்டிருப்பதாகத்தான் இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் (கணக்குகளை நிலையாகச் சேமிக்கும் இடத்தில்) எழுது என்று ஜாவாஸ்கிரிப்டிடம் சொன்னால், அது அந்த வேலை முடியும்வரை அங்கே நிற்பதில்லை. எழுதித் தருகிறேன் என்ற வாக்குறுதியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ப்ராமிஸ் என்று அதற்குப் பெயர் வைத்திருப்பதும் அதனால்தான். அவேய்ட் என்று முன்னால் எழுதினால்தான், வாக்குறுதி நிறைவேறும்வரை நிரல் காத்திருக்கும். அது விடுபட்டால், எடை தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே, சேர்ந்தது என்ற விடை போனுக்குப் போய்விடுகிறது. விடை போன அக்கணமே அந்தச் செயற்கூறு ஓடிய இடம் அப்படியே உறைய வைக்கப்படுகிறது. பாதியில் நின்ற எழுதும் வேலையும் அதோடு உறைகிறது. சிறிது நேரத்துக்குள் வேறொரு மேஸ்திரி எடை அனுப்பினால், அதே இடம் மீண்டும் விழித்துக்கொள்ளும்போது பழைய வேலையும் தொடர்ந்து முடியக்கூடும். ஆகவே மாலையில் எடைகள் அடுத்தடுத்து வரும்போது குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைசி எடைக்குப் பிறகு எழுப்ப ஆள் இல்லை. உறைந்தது உறைந்தபடியே அகற்றப்பட்டுவிடுகிறது. வீட்டுக் கணினியில் நிரல் உறைவதே இல்லை என்பதால் அங்கே இது ஒருபோதும் தெரிந்திருக்காது.

ஒருவேளை அவேய்ட் எழுதியிருந்தும் இக்குறை இருந்தால், பல ஆட்களின் எடையை ஒரே கோரிக்கையில் அனுப்பி, அவற்றை மகள் ஃபார்ஈச் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும் கட்டளை) கொண்டு சுற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். ஃபார்ஈச் உள்ளே எழுதிய அவேய்ட்டுக்கு வெளியே உள்ள நிரல் காத்திருக்காது. சாதாரண ஃபார் சுற்றில் ஒவ்வொன்றாக எழுதலாம். அல்லது எல்லா வாக்குறுதிகளையும் திரட்டி ப்ராமிஸ் ஆல் என்பதன் முன் அவேய்ட் வைத்து ஒரே முறை காத்திருக்கலாம்.

இரண்டாவது குறை மகளின் தவறன்று. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் நேர்வது. மேஸ்திரி அனுப்பிய எடை போய்ச் சேர்ந்து கணக்கிலும் ஏறிவிடுகிறது, ஆனால் திரும்பி வர வேண்டிய விடை வழியில் தொலைந்துவிடுகிறது. போகவில்லை போலும் என்று அவர் மறுபடியும் அழுத்துகிறார். செயற்கூற்றுக்கு நினைவு இல்லாததால், இது பழைய எடையா, அதே ஆள் கொண்டுவந்த அடுத்த சாக்கா என்று அதனால் பிரித்தறிய முடியாது. சிக்னல் நன்றாக இருக்கும் ஊரிலும் இதிலிருந்து தப்ப முடியாது. விடைக்காகக் காத்திராமல் பின்னணியில் அழைக்கப்படும் செயற்கூறு தவறினால், லாம்ப்டா தானாகவே மேலும் இரண்டு முறை அதை ஓட்டிப் பார்க்கும். எப்போதாவது எந்தத் தவறும் இல்லாமலேயே ஒரே ஈவென்ட் இரண்டு முறை வருவதும் உண்டு. ஆகவே ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் கணக்கு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவது இத்துறையில் கட்டாயம்.

அதற்கு வழி, எடையைப் பதிவு செய்யும் கணத்திலேயே, போனிலேயே, அந்தப் பதிவுக்கென்று தனி அடையாளம் ஒன்றை உண்டாக்கிவிடுவது. இன்றைய பிரவுசர்களில் ரேண்டம் யூயூஐடி என்ற ஒரே அழைப்பில் அது கிடைக்கும். எடையை அந்த அடையாளத்தோடு முதலில் போனிலேயே சேமித்துக்கொண்டு, பிறகு அனுப்ப வேண்டும். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே அடையாளத்தோடுதான் அனுப்ப வேண்டும். தரவுத்தளத்தில் அந்த அடையாளத்தையே முதன்மைச் சாவியாக (ஒரு பதிவுக்கு மட்டுமே உரிய அடையாளமாக) வைத்து, அது ஏற்கெனவே இல்லை என்றால் மட்டும் எழுது என்ற நிபந்தனையோடு எழுத வேண்டும். ஏற்கெனவே இருந்தால், பிழை என்று சொல்லாமல் சேர்ந்தது என்றே போனுக்கு விடை தர வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி அழுத்திக்கொண்டே இருப்பார். ஆளின் எண்ணையும் தேதியையும் சேர்த்து அடையாளமாக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்துவிடாதீர்கள். ஒரே ஆள் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எடை போடும்போது, உண்மையான இரண்டாவது சாக்கும் மறுக்கப்பட்டு அவருடைய கூலி குறைந்துவிடும்.

மூன்றாவது குறை, ரசீது எண்ணை ஹேண்ட்லருக்கு வெளியே ஒரு மாறியில் (நிரலில் மதிப்பு ஒன்றைத் தாங்கும் பெயரில்) வைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டியதால் வந்திருக்கும். இரண்டு மேஸ்திரிகள் ஒரே நொடியில் அனுப்பினால், இரண்டு கோரிக்கைகளும் இரண்டு தனித்தனி இடங்களில் ஓடுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் அந்த மாறிக்குத் தனிப் பிரதி இருப்பதால், இரண்டும் 17 என்றே எண் கொடுக்கும். இடம் அகற்றப்பட்டுப் புதிதாக ஒதுக்கப்பட்டால் எண் மறுபடியும் 1இலிருந்து தொடங்கும். எண்ணைத் தரவுத்தளத்திலேயே வைத்து, கூட்டுவதையும் அங்கேயே, ஒரே செயலாகச் செய்யும்படி கேட்க வேண்டும். படித்து, கூட்டி, திரும்ப எழுதினால் அதே சிக்கல்தான் திரும்பவும் வரும்.

வெளியே எதையுமே வைக்கக் கூடாது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பை வெளியே வைப்பதே முறை. ஒரே இடம் பல கோரிக்கைகளை அடுத்தடுத்துக் கவனிக்கும்போது, இணைப்பு ஒரு முறை உண்டாக்கினால் போதும். தொலைந்தால் மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளக் கூடியவற்றை மட்டும் வெளியே வையுங்கள். கூலிக் கணக்கு அந்த வகையைச் சேர்ந்ததன்று. இம்மூன்றும் திருத்தப்படும்வரை எடை நோட்டில் கையால் எழுதுவதையும் நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே போன நாள்களுக்கு ஆட்களிடம் கேட்டு நோட்டோடு ஒப்பிட்டு நேர்செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் சேலைகளைப் படம் எடுத்து ஏற்றினால், அவை தானாகச் சிறிதாகி வலைப்பக்கத்தில் சேரும்படி செயற்கூறு எழுத முயல்கிறோம். என் கணினியில் ஓடுகிறது. கிளவுடில் ஏற்றினால் படத்தைச் சிறிதாக்கும் ஷார்ப் என்ற தொகுப்பே கிடைக்கவில்லை என்கிறது. அதைத் தாண்டினாலும், தமிழில் பெயர் வைத்த படங்கள் இல்லை என்கிறது. வேறு எதிலாவது கவனமாக இருக்க வேண்டுமா?
– சேலை வியாபாரி, இளம்பிள்ளை

பதில்: உங்கள் கணினி விண்டோஸில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஷார்ப் தொகுப்பின் உள்ளே ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியாக உருவாக்கப்பட்ட பகுதி உண்டு. லாம்ப்டா ஓடுவது லினக்ஸில். ஆகவே என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை இறக்கி நிறுவும் கருவி) கொண்டு நிறுவும்போதே லினக்ஸுக்கு உரியதை இறக்கும்படி குறிப்பிட்டு, அதைத்தான் ஏற்ற வேண்டும்.

தமிழ்ப் பெயர் தொலைவதற்குக் காரணம் தமிழ் அன்று. அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பகத்திலிருந்து வரும் ஈவென்ட்டில் கோப்பின் பெயர், இணைய முகவரிக்கு ஏற்றபடி குறியீடுகளாக மாற்றப்பட்டு வருகிறது. இடைவெளி கூட்டல் குறியாகவும், தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறியோடு கூடிய எண்களாகவும் மாறியிருக்கும். முதலில் கூட்டல் குறிகளை இடைவெளியாக்கி, பிறகு டீகோட் யூஆர்ஐ காம்பொனென்ட் என்ற செயற்கூற்றின் வழியே செலுத்தினால், மயில்கழுத்து என்று நீங்கள் வைத்த பெயர் அப்படியே திரும்பக் கிடைக்கும். இந்த வரிசை மாறக் கூடாது. இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். நம்மைப் போன்றவர்கள் தொடக்கத்திலேயே தமிழ்ப் பெயரை வைத்துச் சோதிப்பது நல்லது. அதோடு ஒன்று: பெயரின் நீளத்துக்கு வரம்பு வைக்கும்போது பைட்டுகளைக் கணக்கிடுங்கள். சேலம் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதை ஐந்து என்று எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது 15 பைட்டு.

கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு, அது பணத்தைப் பற்றியது. படம் ஏறியவுடன் செயற்கூறு விழிக்கிறது. சிறிதாக்கிய படத்தை அது எங்கே வைக்கிறது? அதே சேமிப்பிடத்தில் வைத்தால், புதிய படம் ஒன்று ஏறிவிட்டது என்று மறுபடியும் விழிக்கும். அதையும் சிறிதாக்கி அங்கேயே வைக்கும். இப்படியே இது சுழன்றுகொண்டே போகக்கூடும். நான் முதன்முதலில் இதே வேலையைச் செய்தபோது இத்தவறைச் செய்தேன். இரவு ஏற்றிவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து பார்த்தபோது ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்திருந்தன. கட்டணம் பெரிதாக வரவில்லை என்றாலும், அந்தக் காலைப் பொழுதின் பதற்றம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மூலப் படங்களுக்கு ஒரு சேமிப்பிடம், சிறிய படங்களுக்கு வேறொன்று என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகளாகப் பிரித்தாலும் போதுமே என்பார்கள். கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால் பழைய கதைதான்.

நினைவகம், நேரம் ஆகியவற்றின் தொடக்க அளவுகள் 128 எம்பியும் 3 நொடியும். பெரிய சேலைப் படத்துக்கு இரண்டும் போதாது. நினைவகத்தைக் கூட்டினால் கணக்கிடும் வேகமும் அதே விகிதத்தில் கூடும். 1,769 எம்பி வைத்தால்தான் ஒரு முழு சிபியுவின் (கணினியின் மையச் செயலியின்) வேகம் கிடைக்கிறது. வேலை விரைவில் முடிவதால் கட்டணம் அநேகமாக அதே அளவில்தான் நிற்கும். 1,024 எம்பி, 30 நொடி என்று வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிளவுட் கணக்குத் தொடங்கக் கார்டு எண் கேட்கிறார்கள். தெரியாமல் ஏதாவது அழுத்தி ஆயிரக்கணக்கில் பில் வந்துவிடும் என்று அப்பா கொடுக்க மறுக்கிறார். அவர் சொல்வது சரியா? வேறு வழி உண்டா?
– மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அப்பாவின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அவரை மீறிச் செய்ய வேண்டாம். கார்டு கொடுக்காமலே கற்கலாம். கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் சேவையின் இலவசத் திட்டத்துக்குக் கார்டு தேவையில்லை. நாளொன்றுக்கு 1,00,000 கோரிக்கைகள்வரை அனுமதி உண்டு, வரம்பைத் தாண்டினால் பில் வராது, செயற்கூறு அன்றைக்கு நின்றுவிடும். ஒரு கோரிக்கைக்கு 10 மில்லி நொடி சிபியு நேரம் மட்டுமே உண்டு என்பதால் படம் சிறிதாக்குவது போன்ற கனமான வேலைகள் அதில் ஆகாது. கற்பதற்குத் தாராளமாகப் போதும். கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் மைக்ரோசாஃப்டின் மாணவர் திட்டத்திலும் கார்டு இல்லாமல் சேரலாம்.

பிற்காலத்தில் லாம்ப்டாவுக்குப் போகும்போது அப்பாவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 லட்சம் அழைப்புகளும், 4,00,000 ஜிபி-நொடியும் இலவசம். ஜிபி-நொடி என்பது நினைவகத்தை நேரத்தால் பெருக்கிய அளவு. நாளுக்கு 200 அழைப்பு வீதம் மாதம் 6,000 அழைப்பு. ஒவ்வொன்றும் 128 எம்பியில் அரை நொடி ஓடினால் மொத்தம் 375 ஜிபி-நொடி. வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய பில் வருவது செயற்கூற்றால் அன்று. அதோடு சேர்த்துத் தொடங்கி மறந்துவிட்ட தரவுத்தளத்தாலும், முந்தைய விடையில் சொன்ன முடிவில்லாச் சுழற்சியாலும், சாவிகளைப் பொதுவில் வைத்ததாலும் வருகிறது. கணக்கின் இரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் ஏற்றிவிட்டால், அதைத் தேடி எடுக்கும் தானியங்கி நிரல்கள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடும். கட்டண எச்சரிக்கையைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மின்னஞ்சல் மட்டும் அனுப்பும், ஓட்டத்தை நிறுத்தாது என்பதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மொத்த விற்பனைக் கடையில் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைக் காலை 6 மணிக்கு எனக்கு அனுப்பும்படி தம்பி மகன் செயற்கூறு வைத்துக் கொடுத்தான். அது பகல் பதினொன்றரைக்கு வருகிறது. அதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. இதையும் கேட்டுவிடுகிறேன்: கடையின் மற்ற கணக்கு வேலைகளையும் இப்படியே செயற்கூறுகளாக மாற்றிவிடலாமா?
– மளிகை வியாபாரி, லீ பஜார், சேலம்

பதில்: கிளவுடில் உள்ள கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது; நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அங்கே 6 என்று எழுதினால் இங்கே 11.30. நேர அட்டவணையில் 0 மணி 30 நிமிடம் என்று மாற்றினால் காலை ஆறுக்கு வந்துவிடும். நேர மண்டலத்தைக் குறிப்பிட இடம் தரும் ஷெட்யூலர் என்ற சேவையில் ஆசியா–கொல்கத்தா என்று கொடுத்து 6 என்றே எழுதுவது இன்னும் தெளிவு. ஆனால் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதாது. பட்டியலின் தலைப்பில் தேதி வருகிறதென்றால், அதையும் அதே நேர மண்டலத்தில் கேட்டு வாங்கும்படி தம்பி மகனிடம் சொல்லுங்கள். நாளை நீங்கள் காலை 5 மணிக்கே அனுப்பச் சொன்னால், அந்நேரத்தில் கிளவுடுக்கு முந்தைய நாள் இன்னும் முடிந்திருக்காது. நேற்றைய தேதியோடு பட்டியல் வரும்.

எல்லாவற்றையும் மாற்றலாமா என்றால், நான் மாற்ற மாட்டேன். காலைப் பட்டியல், பணம் வந்தவுடன் ரசீது, மாத இறுதியில் அறிக்கை ஆகியவை எப்போதாவது எழுந்து சிறிது நேரத்தில் முடியும் வேலைகள். அவற்றுக்கு இது மிகப் பொருத்தம். லாம்ப்டாவில் ஒரு செயற்கூறு அதிகபட்சம் 15 நிமிடம்தான் ஓட முடியும். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் இணைப்பைத் திறந்து வைத்து, தராசிலிருந்து நொடிக்கு நொடி எடை வாங்கும் வேலை போன்றவற்றுக்கு, மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வரோ, கடையிலேயே ஒரு கணினியோதான் நல்லது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள பில் போடும் கணினி, இணையம் நின்றாலும் பில் போட வேண்டும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, இரவு கடை மூடியதும் அன்றைய கணக்கை ஒரு முறை மேலே அனுப்பும்படி மட்டும் செய்யச் சொல்லுங்கள். காலைப் பட்டியலுக்கு அது போதும்.